காந்திகிராமம்: கணக்கெடுத்துத் தொண்டு செய்த கதை

திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே, சின்னாளபட்டியை அடுத்துள்ள காந்திகிராமத்தை நாம் யாவரும் அறிவோம். அது தோன்றிய வரலாற்றை அறிந்தோர் சிலரே.

நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டிலேயே டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவர்தம் கணவர் ஜி. இராமச்சந்திரன் அவர்களும் இதனை நிறுவினர். டி.வி.எஸ். நிறுவனரின் புதல்வியாகிய அம்மையார், இளமையிலேயே கைம்மை எய்தி, அதன் பின்னரே மருத்துவம் பயின்றவர். செல்வர் வீட்டுப் பெண்மணி சிற்றூரில் வந்து குடியேறியது அந்நாளில் சிறிய செய்தியன்று.

சிறு மருத்துவ நிலையமாகத் தொடங்கியதே இன்றைய கஸ்தூரிபா மருத்துவமனை. அதனுடன் கிராமசேவிகைகளுக்குப் பயிற்சியும், கதர் முதலிய தொழில்களும் வளர்ந்தன. 1956இல் தோன்றிய கிராமியக் கல்வி நிலையம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. 1964இல் ஊரக நலவாழ்வு நிறுவனமும் அமைந்தது. ஆத்தூர் வட்டாரத்து மக்களின் பிறப்பு, நோய் விவரங்களை ஆராய்ந்து, அதற்கேற்பப் பணி வகுத்ததே இவர்தம் தனிச்சிறப்பு என்பது எமது கருத்து.

2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கையும் நம் சமுதாயத்தின் நிலையை எண்களால்தான் நாட்டிற்கு உணர்த்திற்று. மஹல்லாப் பதிவேடுகளிலோ பெரும்பாலும் சந்தாவும் நிக்காஹ்வும் மட்டுமே இடம்பெறுகின்றன; வட்டிக் கடனில் சிக்கிய குடும்பங்களும், படிப்பை இடையில் நிறுத்திய பிள்ளைகளும் எத்தனை என எழுத அவற்றில் இடமில்லை.