தயிரும் ஐஸும் உப்பும் - கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் மாம்பழம்

மு.கு: சமையல் குறிப்பு மட்டும் வேணுங்கறவங்க நேரா கடைசிக்குப் போயிடலாம். நடுவுல சரித்திரம் ஓடும். அப்புறம் "மொக்கை போட்டுட்டான்"னு சொல்லப்படாது :-)

மக்களே, இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. ஊருக்கு வந்து நாலு நாள் ஆச்சு. ஊருன்னா ஜெகதாப்பட்டினம். புதுக்கோட்டை மாவட்டத்தோட கடலோர ஓரம், மணமேல்குடிக்கும் மீமிசலுக்கும் நடுவுல பாக் நீரிணையைப் பாத்துட்டு உக்காந்திருக்குற ஊர். விசைப்படகும் மீனும் ஐஸ் கம்பெனியும்தான் எங்க அடையாளம். ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில நிக்கும், ஐஸ் கம்பெனிகளுக்கும் வேலை குறைஞ்சிடும். சரியா அந்த ரெண்டு மாசத்துலதான் மாம்பழமும் வந்து குவியும். கடல்ல வேலையில்லாத காலம், பழம் மலிஞ்ச காலம். அடுப்பே பத்த வைக்காம தயிரையும் மாம்பழத்தையும் உறைய வச்சு சாப்பிடுற ஒரு ஐட்டத்துக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

அதுக்கு தயிரைத் துணியில கட்டித் தொங்கவிட்டேன். அப்பத்தா பாத்துட்டு, "ஏப்பா, நல்ல தயிர இப்படித் தூக்குல போட்டு வச்சிருக்க?"ன்னு கேட்டுச்சு. "ஐஸ்கிரீம் மாதிரி ஒண்ணு அப்பத்தா"ன்னேன். "தயிருல ஐஸ்கிரீமா? எவன்டா கண்டுபிடிச்சான் இத?"

நல்ல கேள்வி. அதுக்குப் பதில் தேடிப் போனதுதான் இந்தப் பதிவு.

தயிர் நம்மளுது, அதுல சந்தேகமே இல்லை. குறுந்தொகையில 167-ஆவது பாட்டு, கூடலூர் கிழார் பாடினது. புதுசா குடித்தனம் வச்ச பொண்ணு கட்டித்தயிரைக் கையால பிசைஞ்சு, அந்தக் கையைக் கட்டியிருந்த துணியிலயே துடைச்சுக்கிட்டு, புருசனுக்குப் புளிக்குழம்பு வைக்கிற கதை. ஆக, ரெண்டாயிரம் வருசத்துக்குப் பக்கமா தயிர் நம்ம அடுக்களையில இருக்கு. மாம்பழமும் அப்படித்தான். தயிர்சாதத்துக்குத் தொட்டுக்க மாம்பழம் இல்லாத கோடைக்காலம் நம்ம வீடுகள்ல உண்டா?

நம்மகிட்ட இல்லாதது ஐஸ் ஒண்ணுதான்.

வடக்க கொஞ்சம் இருந்துச்சு. அக்பர் காலத்துல வெடியுப்பைத் தண்ணியில கரைச்சு, அதுக்குள்ள குடிதண்ணிப் பாத்திரத்தை வச்சுக் குளிர வைப்பாங்களாம். மலையிலேர்ந்து படகுலயும் வண்டியிலயும் ஆள் தலையிலயும் பனிக்கட்டி லாகூருக்கு வந்த கதையும் அயினி அக்பரியில இருக்கு. தெற்க நமக்கு மண்பானைதான். ஐஸைக் கண்ணால பாக்க நாம 19-ஆம் நூற்றாண்டு வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு. வந்தது எங்கிருந்து? அமெரிக்காவுல பாஸ்டன்லேர்ந்து!

பிரெடெரிக் டியூடர்னு ஒரு ஆளு. பாஸ்டன் சுத்துவட்டாரத்துல குளிர்காலத்துல ஏரியெல்லாம் உறைஞ்சு கெடக்கும். அதை வெட்டி வெயில் நாட்டுல வித்தா என்னன்னு யோசிச்சு, 1806-ல மார்த்தினிக் தீவுக்கு முதல் கப்பலை அனுப்பினாரு. ஊரே சிரிச்சுது. காசும் போச்சு. மனுசன் விடலை. மரத்தூள் போட்டு மூடினா ஐஸ் சீக்கிரம் உருகாதுன்னு புடிச்சாரு. அவருகிட்ட வேலை பாத்த நதானியேல் வையத், குதிரை இழுக்குற கலப்பை மாதிரி ஒரு வெட்டுக் கருவி செஞ்சாரு. அதால ஐஸ் சதுரம் சதுரமா, கப்பல்ல இடைவெளி விடாம அடுக்குற மாதிரி வெட்ட முடிஞ்சுது. விலையும் இறங்குச்சு.

1833 மே மாசம் 'டஸ்கனி'ங்கற கப்பல் சுமார் 180 டன் ஐஸோட கல்கத்தாவுக்குக் கிளம்புச்சு. நாலு மாசப் பயணம், பூமத்திய ரேகையை ரெண்டு தடவை தாண்டணும். செப்டம்பர்ல போய்ச் சேந்தப்ப நூறு டன் மிச்சம் இருந்துச்சு. ஐஸோட கூடவே பாஸ்டன் ஆப்பிளும் போச்சு. ஆக, ஐஸும் பழமும் அப்பவே ஒண்ணா வந்து இறங்கின சோடிதான்.

அடுத்து மெட்ராஸ். 1842 வாக்குல கடற்கரையில ஐஸைச் சேத்து வைக்க ஒரு வட்ட வடிவக் கட்டடம் கட்டினாங்க. ஐஸ் ஹவுஸ். பின்னாடி வக்கீல் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கினாரு. 1897-ல விவேகானந்தர் அங்க தங்கினாரு. அதுதான் இன்னிக்கு மெரினா எதிர்ல நிக்கிற விவேகானந்தர் இல்லம். பேர் மாறினாலும் அந்த ஏரியாவுக்கு இன்னும் ஐஸ் ஹவுஸ்ன்னுதான் பேரு, போலீஸ் ஸ்டேஷன் உட்பட. தோரோ எழுதின 'வால்டன்' (1854) படிச்சவங்களுக்கு ஒண்ணு ஞாபகம் வரும். 1846-47 குளிர்காலத்துல வால்டன் குளத்துல ஐஸ் வெட்டுறதைப் பாத்துட்டு, மெட்ராஸ்காரன் நம்ம குளத்துத் தண்ணியைக் குடிக்கிறான்ங்கற அர்த்தத்துல எழுதியிருப்பாரு. மெட்ராஸ் பேரையே சொல்லியிருப்பாரு. மொதத் தடவை படிக்கும்போது எனக்குப் புல்லரிச்சுது.

ஆனா எந்த மெட்ராஸ்காரன் குடிச்சான்? அங்கதான் விசயமே இருக்கு.

ஐஸ் போனது துரைமாருங்க வீட்டுக்கும் கிளப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும். கல்கத்தாவுல டியூடரோட ஐஸுக்குச் சுங்க வரியே போடலை. உருகிடும்னு ராத்திரியில இறக்கவும் அனுமதி கொடுத்தாங்க. சரக்கோட வந்த ஏஜென்ட் ரோஜர்ஸுக்கு கவர்னர் ஜெனரல் பென்டிங்க் வெள்ளிக் கோப்பை பரிசு கொடுத்தாரு.

அதே காலத்துல அதே ஆட்சியில உப்புக்கு என்ன நிலைமை? உப்புக்கு வரி உண்டு. அரசாங்கத்துக்குத் தெரியாம உப்பு எடுத்தா குத்தம்.

எங்க மாதிரி கடலோர ஊருக்கு இது சின்ன விசயமில்லை. ஐஸ் இல்லாத காலத்துல மீனைக் காப்பாத்த உப்பு ஒண்ணுதான் வழி. பெரிய மீனுக்கு மூணு நாலு பங்குக்கு ஒரு பங்கு உப்பு போகும். உப்பு விலை ஏறுனா கருவாடு போடுறவன் உப்பைக் குறைப்பான், மீன் கெடும். இல்லைன்னா சும்மா வெயில்ல காயப் போடுவான், அதுவும் சீக்கிரம் கெடும். உப்பு வரி மீன் பதனிடுறவனை எப்படி நசுக்குதுன்னு 1873-ல அறிக்கை எழுதினது பிரான்சிஸ் டேங்கற வெள்ளைக்கார அதிகாரிதான். அதுக்கப்புறம் மெட்ராஸ் மாகாணத்துல கரையோரம் மீன் பதனிடுறதுக்குன்னே வேலி போட்ட யார்டுகள் தொறந்தாங்க. மீனை உள்ள கொண்டுபோய், அங்க குடுக்குற வரியில்லாத உப்பைப் போட்டு, அங்கயே பதப்படுத்தணும். உப்பை மடியில கட்டி வீட்டுக்குக் கொண்டுவர முடியாது!

உருகிப் போற ஐஸுக்கு வரி கிடையாது, கஞ்சியில போடுற உப்புக்கு உண்டு. ஒண்ணு துரை மேசைக்கு, இன்னொண்ணு மீனவன் சட்டிக்கு. 1930 ஏப்ரல்ல ராஜாஜி திருச்சியிலேர்ந்து நடந்து போய் உப்பு எடுத்த வேதாரண்யம் எங்க கரையிலயே வடக்க இருக்குற ஊர்தான். பாடப்புத்தகத்துல அதை காந்தியோட தண்டி யாத்திரைக்குத் துணைப்பாடம் மாதிரி படிச்சிட்டுப் போயிடுறோம். கடலோரத்துல பொறந்தவனுக்கு அது சட்டிப் பிரச்சினை. உப்பு வரி ஒருவழியா 1947-லதான் போச்சு.

ஐஸ் எப்ப கரைக்கு வந்துச்சு? 1874-ல மெட்ராஸ்லயே நீராவி இயந்திரத்துல ஐஸ் செய்யுற கம்பெனி வந்துச்சு. கொஞ்ச வருசத்துல பாஸ்டன் கப்பல் நின்னு போச்சு. ஆனா மீனவனுக்கு ஐஸ்ங்கறது சுதந்திரத்துக்கு அப்புறம் நடந்த கதை. 1950-கள்ல கேரளாவுல நீண்டகரையில நார்வே உதவியோட இயந்திரப் படகும் ஐஸும் வந்துச்சு. பின்னாடி இறால் ஏற்றுமதி சூடு பிடிச்சப்ப தமிழ்நாட்டுக் கரையிலயும் விசைப்படகும் ஐஸ் கம்பெனியும் பரவுச்சு. நம்ம வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ்ங்கறது பொதுக் கணக்கு. ஐஸ் இருந்தா விலை பேச முடியும். இல்லைன்னா வர்ற வியாபாரி சொல்றதுதான் விலை. துரைக்கு அது ஆடம்பரம், கரையில அது பேரம் பேசுற தெம்பு.

ஐஸ் கம்பெனி உள்ள எப்படி வேலை நடக்குதுன்னு பாத்திருக்கீங்களா? (எஞ்சினியரிங் படிச்ச புத்தி, பொறுத்துக்குங்க.) அம்மோனியாவை அழுத்தி, குளிர வச்சு திரவமாக்கி, குழாய்க்குள்ள மறுபடி ஆவியாக விடுவாங்க. ஆவியாகும்போது அது சுத்தி இருக்குற சூட்டை உறிஞ்சும். அந்தக் குழாயைச் சுத்தி பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணி. அது பூஜ்யத்துக்குக் கீழ போனாலும் உறையாது. அதுக்குள்ள நல்ல தண்ணி ஊத்தின தகர கேனை இறக்கி வச்சா கிட்டத்தட்ட ஒரு நாள்ல ஐஸ் பார் ரெடி. நாம சின்ன வயசுல வாங்கித் தின்ன குச்சி ஐஸ், சேமியா ஐஸும் இதே மாதிரி உப்புத் தண்ணித் தொட்டியில பொறந்ததுதான்.

அதாவது, ஐஸ் செய்யவும் உப்பு வேணும்!

ஐஸோட உப்பைக் கலந்தா அது உருகிக்கிட்டே இன்னும் குளிரும். சரியான விகிதத்துல மைனஸ் 21 டிகிரி வரைக்கும் போகும். 1843-ல பிலடெல்பியாவுல நான்சி ஜான்சன்ங்கற அம்மா காப்புரிமை வாங்கின கையால சுத்துற ஐஸ்கிரீம் மிஷின் இந்த ஒரே விதியிலதான் ஓடுச்சு.

இப்ப அப்பத்தா கேள்விக்கு வருவோம். தயிரை ஐஸ்கிரீம் மாதிரி உறைய வச்சுக் கடையில வித்தது 1970-கள்ல. எச்.பி.ஹூட்ங்கற பால் கம்பெனி 'ஃப்ரோகர்ட்'னு பேர் வச்சு வித்துச்சு. 1981-ல ஆர்கன்சால டிசிபிஒய் கடை தொறந்த பிறகு அமெரிக்கா பூரா பரவுச்சு. இதுல ஒரு வேடிக்கை. ஹூட் கம்பெனி 1846-ல பாஸ்டனை ஒட்டின சார்ல்ஸ்டவுன்ல ஆரம்பிச்சது. டியூடரோட ஐஸ் கப்பலேறின துறையும் அதே சார்ல்ஸ்டவுன்தான். ஐஸும் அந்த ஊர்லேர்ந்து வந்துச்சு, தயிரை உறைய வைக்கிற யோசனையும் அந்தப் பக்கத்துலேர்ந்தே வந்துச்சு. ரெண்டாயிரம் வருசமா தயிர் வச்சிருந்த நமக்கு அது தோணாமப் போனதுக்குக் காரணம் மூளை இல்லாததா? இல்லைங்க. ஐஸ் கைக்கு எட்டலை, உப்பை அளந்து அளந்து குடுத்தாங்க.

சரி, செய்முறை:

கெட்டித் தயிர் ஒரு லிட்டர். புளிக்காததா இருக்கணும். வேட்டித்துணியில கட்டி, கீழ பாத்திரம் வச்சு, ஃப்ரிட்ஜ்லயே நாலு மணி நேரம் வடிய விடுங்க. தண்ணி அதிகமா இருந்தா ஐஸ் கட்டியாப் போயி பல்லுல மணல் மாதிரி நெருடும், அதான் காரணம். வடிஞ்ச தண்ணியைக் கொட்டிடாதீங்க, ரசத்துல ஊத்தலாம். நல்லா பழுத்த மாம்பழம் ரெண்டு, சர்க்கரை நூறு கிராம், உப்பு ஒரு சிட்டிகை. எல்லாத்தையும் மிக்ஸியில ஒரு சுத்து. சர்க்கரையை ரொம்பக் குறைக்காதீங்க. அது இனிப்புக்கு மட்டுமில்லை, கல்லா உறையாமலும் காப்பாத்தும். அகலமான பாத்திரத்துல ஊத்தி ஃப்ரீசர்ல வைங்க. முக்கால் மணிக்கு ஒரு தடவை எடுத்து முள்கரண்டியால நல்லா கிளறணும், மூணு நாலு தடவை. மொத்தம் அஞ்சு மணி நேரம். மாம்பழம் இல்லைன்னா நம்ம வடகாடு பலாச்சுளை போடுங்க, வாசம் தெருவுக்கே போகும்.

ஃப்ரீசர் இல்லையா? 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப எங்க பக்கம் வாரக்கணக்குல கரண்ட் இல்லை, ஃப்ரிட்ஜ் வெறும் அலமாரியா நின்னுச்சு. அந்த மாதிரி நேரத்துக்கு நான்சி அம்மா வழி இருக்கு. பெரிய வாளியில மூணு பங்கு உடைச்ச ஐஸ், ஒரு பங்கு கல்லுப்பு. நடுவுல மூடி இறுக்கமான எவர்சில்வர் தூக்குச்சட்டி, அதுக்குள்ள கலவை. தூக்கை இப்படியும் அப்படியும் திருகிக்கிட்டே இருந்து, நடுநடுவுல மூடியைத் தொறந்து ஓரத்துல ஒட்டினதை வழிச்சு விட்டா முக்கால் மணியில உறைஞ்சிடும். மூடியைத் துடைச்சுட்டுத் தொறங்க, உப்பு உள்ள போனா கதை முடிஞ்சுது. முக்கியமா, மீனுக்குப் போடுற ஐஸ் வெளியில இருக்கலாம், கலவைக்குள்ள ஒரு துண்டு கூட விழக்கூடாது. அது குடிக்கிற தண்ணியில செஞ்சதுன்னு யாரும் உத்தரவாதம் தர்றதில்லை.

அப்பத்தா ஒரு கிண்ணம் சாப்பிட்டுச்சு. ரெண்டாவது கிண்ணமும் கேட்டுச்சு. "உப்பு ஒரு கல்லு தூக்கலா இருந்தா இன்னும் நல்லாருக்கும்"னு தீர்ப்பும் சொல்லிடுச்சு.

பி.கு: உங்க ஊருக்கு ஐஸ் மொதல்ல எப்ப வந்துச்சுன்னு வீட்டுப் பெரியவங்ககிட்டக் கேட்டு எழுதுங்க மக்கா. கரையோரத்து ஆளுங்க கண்டிப்பா எழுதணும். இந்தக் கதையெல்லாம் உருகிப் போறதுக்குள்ள மரத்தூள் போட்டு மூடி வைப்போம்.