வெளிநாட்டு டூருக்கு எந்த கார்டு? கோவை, திருப்பூர் பயணிகள் உஷார்!

கோவை:

கோவை பீளமேடு விமான நிலையத்தில் இருந்து சிங்கப்பூர், சார்ஜாவுக்கு நேரடி விமானம் உள்ளது. மலேசியா, தாய்லாந்து, இலங்கை போகிறவர்கள் சென்னை, திருச்சி, கொச்சி வழியாக பறக்கிறார்கள். பத்துமலை முருகனை பார்க்க, பிள்ளைகள் வேலை பார்க்கும் ஊரை பார்க்க என்று பனியன் கம்பெனி தொழிலாளி முதல் விசைத்தறிக்காரர் வரை வெளிநாடு போய் வரும் காலம் இது.

டிக்கெட், விசா எல்லாம் ஆளாளுக்கு விசாரித்து பார்க்கிறார்கள். ஆனால் அங்கே போய் செலவு செய்யும் பணத்தை எப்படி கொண்டு போவது என்று கடைசி நாள் வரை யோசிப்பது இல்லை. சீட்டு போட்டு சேர்த்த காசு கமிஷனாக கரைந்து போவது இங்கேதான். எந்த கார்டுக்கு என்ன செலவு? விவரம் வருமாறு:-

டெபிட், கிரெடிட் கார்டு

நம்ம ஊர் வங்கி கார்டை வெளிநாட்டு கடையில் தேய்த்தால், அந்த நாட்டு பணத்தை ரூபாயாக மாற்றுவதற்கு வங்கி தனியாக ஒரு கட்டணம் பிடிக்கும். பெரும்பாலான கார்டுகளில் இது 3.5 சதவீதம் வரை இருக்கிறது. அந்த கட்டணத்துக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு.

கணக்கு போட்டு பாருங்கள். ரூ.50 ஆயிரத்துக்கு பொருள் வாங்கினால் கட்டணம் ரூ.1,750. அதற்கு ஜி.எஸ்.டி. ரூ.315. ஆக மொத்தம் ரூ.2,065 காலி. சில கிரெடிட் கார்டுகளில் இந்த கட்டணம் 2 சதவீதம் அல்லது அதற்கும் குறைவு. கட்டணமே இல்லாத கார்டுகளும் உண்டு. எனவே கிளம்பும் முன் வங்கியில் "வெளிநாட்டு கரன்சி கட்டணம் எவ்வளவுங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டு விடுவது நல்லது.

கிரெடிட் கார்டை போட்டு ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பது மட்டும் கூடவே கூடாது. எடுத்த தொகைக்கு தனி கட்டணம், எடுத்த நாளில் இருந்தே வட்டி என்று இரண்டு பக்கமும் அடி விழும்.

டெபிட் கார்டில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. கார்டு திருடு போனாலோ, நம்பர் களவு போனாலோ கணக்கில் உள்ள மொத்த சேமிப்புக்கும் கை நீளும். சம்பளம் வரும் கணக்கின் கார்டை வீட்டிலேயே வைத்து விட்டு, டூருக்கு என்று தனி கணக்கில் தேவையான பணத்தை மட்டும் போட்டு அந்த கார்டை எடுத்து போவது பாதுகாப்பு.

பாரக்ஸ் கார்டு

இது முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் கார்டு. சிங்கப்பூர் டாலர், தாய்லாந்து பாட், அமெரிக்க டாலர் என்று வேண்டிய கரன்சியில் பணம் ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றும் நாளில் என்ன ரேட்டோ, அதுவே கடைசி வரை. நடுவில் ரூபாய் மதிப்பு சரிந்தாலும் கவலை இல்லை. சேமிப்பு கணக்கோடு தொடர்பு கிடையாது. தொலைந்தால் கார்டில் உள்ள தொகையோடு போச்சு, அதையும் உடனே பிளாக் செய்து விடலாம்.

வங்கிகளிலும், ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற பணம் மாற்றும் நிறுவனங்களிலும் இது கிடைக்கும். பாஸ்போர்ட், பான் கார்டு அவசியம். விசா, டிக்கெட் நகலும் கேட்பார்கள். பணம் மாற்றும்போது ஜி.எஸ்.டி. உண்டு. ரூ.50 ஆயிரத்துக்கு ரூ.90, ரூ.1 லட்சத்துக்கு ரூ.180. எவ்வளவு குறைவாக மாற்றினாலும் குறைந்தபட்சம் ரூ.45.

ஆனால் எல்லாமே லாபம் என்று நினைத்து விட கூடாது. கார்டு கொடுப்பதற்கு கட்டணம், ஏ.டி.எம்.மில் எடுக்க ஒவ்வொரு தடவையும் கட்டணம் உண்டு. அமெரிக்க டாலர் ஏற்றிய கார்டை தாய்லாந்தில் தேய்த்தால், கரன்சி மாற்றியதற்கு மறுபடியும் கட்டணம் விழும். போகிற நாட்டு கரன்சியை ஏற்றினால்தான் மிச்சம். மேலும், விற்கும் ரேட்டிலேயே தங்கள் லாபத்தை சேர்த்து விடுவார்கள். எனவே 2, 3 இடங்களில் ஒரே நாளில் ரேட் கேட்டு ஒப்பிட வேண்டும்.

"ரூபாயில் போடட்டுமா?"

அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. வெளிநாட்டு கடையிலோ, ஏ.டி.எம்.மிலோ கார்டை போட்டதும் "இந்திய ரூபாயா? உள்ளூர் பணமா?" என்று மெஷின் கேட்கும். நம்ம பணம்தானே, கணக்கு புரியும் என்று ரூபாயை அமுக்கினால் போச்சு.

ரூபாயை தேர்வு செய்தால், ரேட்டை அந்த கடைக்காரரின் வங்கி தன் இஷ்டத்துக்கு போடும். உதாரணமாக சிங்கப்பூர் டாலர் ரூ.70 என்று வைத்துக்கொள்வோம். மெஷினில் ரூ.73.50 காட்டினால் 100 டாலர் பில்லுக்கு ரூ.350 நஷ்டம். ரூபாயில் தேய்த்தாலும், வெளிநாட்டு கடை என்பதால் நம்ம ஊர் வங்கிகள் பல இதற்கும் கட்டணம் போடுகின்றன. எந்த நாடாக இருந்தாலும் அந்த நாட்டு பணத்தையே அமுக்க வேண்டும்.

கையில் ரொக்கம்

கார்டு மட்டுமே போதாது. தள்ளுவண்டி கடை, சின்ன ஓட்டலுக்கு கையில் காசு வேண்டும். ஒரு பயணத்துக்கு பொதுவாக 3 ஆயிரம் அமெரிக்க டாலர் மதிப்பு வரை வெளிநாட்டு நோட்டாக வாங்கலாம். ரூ.50 ஆயிரம் அல்லது அதற்கு மேல் மாற்றினால் ரொக்கமாக கொடுக்க முடியாது. வங்கி கணக்கு மூலம்தான் செலுத்த வேண்டும். இந்திய ரூபாய் நோட்டு ரூ.25 ஆயிரம் வரை கொண்டு போகலாம். நேபாளம், பூடானுக்கு விதிமுறை வேறு.

விமான நிலையத்தில் போய் மாற்றிக்கலாம் என்று இருந்தால் ரேட் அதிகம். ஊரிலேயே மாற்றி, பில்லை பத்திரமாக வைக்க வேண்டும். தாய்லாந்து ஏ.டி.எம்.களில் வெளிநாட்டு கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் 220 பாட்டுக்கு குறையாமல் அந்த ஊர் வங்கி தனியாக பிடிக்கும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதை விட, ஒரே தடவையில் எடுப்பது மிச்சம்.

போனில் ஸ்கேன்

நம்ம ஊர் யு.பி.ஐ. இப்போது சில நாடுகளிலும் செல்லும். பூடானில் 2021-லும், இலங்கை, மொரீஷியசில் 2024 பிப்ரவரியிலும் தொடங்கப்பட்டது. சிங்கப்பூர், துபாய் உள்ள ஐக்கிய அரபு அமீரகம், நேபாளத்திலும் குறிப்பிட்ட கடைகளில் ஸ்கேன் செய்யலாம். ஆப்பில் வெளிநாட்டு வசதியை முதலில் ஆன் செய்ய வேண்டும். எல்லா கடையிலும் கிடையாது என்பதால் இதை மட்டும் நம்பி போகக்கூடாது.

கிளம்பும் முன்...

* 2020 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி புது கார்டுகளில் வெளிநாட்டு வசதி மூடியே இருக்கும். வங்கி ஆப்பில் அதை ஆன் செய்து, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று அளவும் வைக்க வேண்டும். ஊர் திரும்பியதும் ஆப் செய்ய வேண்டும்.

* ஓ.டி.பி. வர நம்ம ஊர் சிம் வேலை செய்ய வேண்டும். ரோமிங் வசதியை முன்பே கேட்டு வைக்கவும்.

* 2 கார்டு எடுத்து போனால் இரண்டையும் ஒரே பர்சில் வைக்கக்கூடாது.

* கார்டை பிளாக் செய்யும் வங்கி நம்பரை பேப்பரில் எழுதி வைக்கவும். போனே தொலைந்தால் அதுதான் கைகொடுக்கும்.

* டெபிட், பாரக்ஸ் கார்டு செலவுகள் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் என்ற உச்சவரம்பில் சேரும். 2025 ஏப்ரல் முதல் இப்படி ரூ.10 லட்சத்தை தாண்டினால், தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். வரி பிடிப்பார்கள். வருமான வரி கணக்கு தாக்கல் செய்து அதை திரும்ப பெறலாம். சாதாரண டூருக்கு இந்த கவலை வராது.

திரும்பி வந்த பிறகு

பாரக்ஸ் கார்டில் மிச்சம் உள்ள பணத்தை அப்படியே விட்டால், பயன்படுத்தாத கட்டணம் என்று கரைய வாய்ப்பு உண்டு. அடுத்த பயணம் இல்லை என்றால் ரூபாயாக மாற்றி விடலாம். 2 ஆயிரம் டாலர் வரை கையில் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. அதற்கு மேல் உள்ளதை 180 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும்.

கார்டு கணக்கில் தெரியாத செலவு இருந்தால் ஒரு நாள் கூட தாமதிக்காமல் வங்கிக்கு புகார் செய்ய வேண்டும். வாடிக்கையாளர் தவறும், வங்கி தவறும் இல்லாத மோசடியை 3 வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். இதற்கான தொலைபேசி எண் 14448.

குறைந்த செலவுக்கு வழி இதுதான்: போகிற நாட்டு கரன்சி ஏற்றிய பாரக்ஸ் கார்டு அல்லது கட்டணம் குறைந்த கிரெடிட் கார்டு ஒன்று, 2, 3 நாள் செலவுக்கு ரொக்கம், அவசரத்துக்கு தனி கணக்கின் டெபிட் கார்டு. கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்கள் கெடு தேதிக்குள் முழு தொகையும் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் டூரில் மிச்சம் பிடித்தது எல்லாம் வட்டிக்கே போய் விடும்.