பேரீச்சம்பழத்துக்குப் போடக் கூடாத பழைய போன்



"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" என்று கூவி வந்த தள்ளுவண்டி நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நம் மதுரை வீடுகளில் எதுவும் வீணாகாது. ஓட்டைப் பாத்திரம் எடைக்குப் போகும். பழைய துணி எவர்சில்வர் கிண்ணமாகத் திரும்பி வரும். பழைய செல்போன் மட்டும் எங்கும் போகாமல் பீரோவிலேயே தங்கிவிடுகிறது. தீபாவளிக்குச் சுத்தம் செய்தபோது எங்கள் வீட்டில் மூன்று கிடைத்தன. ஒன்று நோக்கியா 1100. உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும், தேடிப் பாருங்கள்.

இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, டெல்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அப்போது பேசினாலும் காசு, வந்த அழைப்பை எடுத்தாலும் காசு. நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை ஆனது. 2003-ல் உள்வரும் அழைப்புக்குக் கட்டணம் நின்ற பிறகுதான் போன் சாமானியர் கைக்கு வந்தது.

அதே ஆண்டு வந்ததுதான் நோக்கியா 1100. உலகெங்கும் சுமார் 25 கோடி விற்றது. தூசி புகாத பொத்தான்கள், தலையில் ஒரு டார்ச். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வரும்போது மோட்டார் போடப் போன விவசாயிக்கு அந்த டார்ச்தான் துணை. மின்வெட்டுக் காலத்தில் நமக்கும் அதுதான்.

ஆனால் போனை விட முக்கியம் அதிலிருந்த எண். 1999-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஏர்செல், 2018-ல் திவால் மனு கொடுத்தது. சிக்னல் போய், எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற மக்கள் கடை கடையாக அலைந்தது நினைவிருக்கலாம். அப்போது எண்ணையே விட்டுவிட்டவர்களும் உண்டு. வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவர்களில் பலர் கணக்கில் புது எண்ணைப் பதியவே இல்லை. துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். பிறகு உங்கள் ஓடிபி அவருக்குப் போகும். போனைக் கழிக்கும் முன் வங்கி, ஆதார், கேஸ் இணைப்பு மூன்றிலும் எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது பேட்டரி. 2007 ஆகஸ்டில் நோக்கியா நிறுவனமே தன் பிஎல்-5சி பேட்டரிகளில் 4.6 கோடி, சார்ஜ் ஏறும்போது அதிகம் சூடாகலாம் என்று எச்சரித்து மாற்றித் தர முன்வந்தது. 1100-ல் இருப்பது அந்த வகைதான். உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், குப்பை வாளியில் போடாதீர்கள். குப்பையைக் கையால் பிரிப்பவர் நம் தூய்மைப் பணியாளர்.

எடைக்குப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். உத்தரப்பிரதேசத்தில் மொராதாபாத் என்ற ஊர், பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர்போனது. அங்கே ராம்கங்கை ஆற்றங்கரையில் பழைய சர்க்யூட் போர்டுகளை எரித்துச் செம்பு எடுத்தார்கள். சாம்பல் ஆற்றில் கலந்தது, புகை எரித்தவர் நெஞ்சுக்குள் போனது. கணக்கில்லாமல் எடைக்குப் போகும் போன் கடைசியில் இப்படி ஓர் இடத்துக்குத்தான் போகும்.

இதைத் தடுக்கவே மின்னணுக் கழிவு விதிகள் 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. 2016-லும் 2022-லும் புதுப்பிக்கப்பட்டன. விற்ற நிறுவனமே பழையதற்கும் பொறுப்பு, பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனமே அதைப் பிரிக்க வேண்டும் என்பது சாரம்.

ஆகவே, வேலை செய்யும் போனைத் தேவைப்படுபவருக்குக் கொடுங்கள். ஜியோ சிம் மட்டும் 1100 போன்ற 2ஜி போனில் எடுக்காது. வேலை செய்யாததை நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலோ பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமோ சேருங்கள். எதுவானாலும் முதலில் சிம், மெமரி கார்டு இரண்டையும் எடுத்து, உள்ளிருப்பதை அழித்துவிடுங்கள்.

அழிக்கும் முன் நான் பெயர்களை ஒரு நோட்டில் எழுதினேன். பாதிப் பேர் இன்று இல்லை. போனைப் பீரோவில் பூட்டி வைத்ததற்கு அதுதான் காரணம் என்று அப்போதுதான் புரிந்தது. நோட்டு என்னிடம் இருக்கிறது. போன் போகலாம்.

சங்க அலுவலகத்தில் இதற்கென ஒரு பெட்டி வைக்கச் செயற்குழுவைக் கேட்டிருக்கிறேன். வைத்தால் முதல் போன் என்னுடையது.