கடல் நுரையில் பிறந்த பொடிமீன்

ஒரு ராஜாவுக்கு நடுக்குளிர்காலத்தில் பொடிமீன் சாப்பிட ஆசை வந்தது. கடலோ பன்னிரண்டு நாள் பயணத் தொலைவில். சமையற்காரன் சோட்டரிடெஸ் அசரவில்லை. ஒரு டர்னிப் கிழங்கை எடுத்து மீன்குஞ்சு வடிவில் மெல்லிசாக, நீளவாக்கில் சீவினான். அரைவேக்காடாக வேகவைத்து, எண்ணெய் விட்டு, உப்பிட்டு, நாற்பது கறுப்புக் கசகசாவைத் தூவிப் பரிமாறினான். ராஜா சாப்பிட்டுவிட்டு மீனைப் புகழ்ந்தாராம்.

பித்தினியா நாட்டு அரசன் நிகோமீதெஸைப் பற்றி யூஃப்ரோன் என்ற கிரேக்க நாடகக்காரர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய நகைச்சுவை இது. நடந்ததோ இல்லையோ, பார்வையாளர்கள் சிரித்திருக்கிறார்கள் என்றால் அந்தப் பண்டமும் அதன் மீதிருந்த மோகமும் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். தலை கிள்ளாமல், முள் எடுக்காமல், முழுசாக வாயில் போட்டுக்கொள்ளும் பொடிமீன் நமக்கும் பழக்கம்தான். அது கடந்து வந்த பாதைதான் நமக்குத் தெரியாது.

கிரேக்கர்கள் அதை அஃபூயே என்றார்கள். அது ஒரே மீன் இல்லை; கரையோரம் திரளும் பலவகைக் குஞ்சுகளுக்கும் சின்ன மீன்களுக்கும் பொதுப்பெயர். இவை எங்கிருந்து வருகின்றன என்று ஆராய்ந்த அரிஸ்டாட்டில், இவற்றில் சில மற்ற மீன்களின் குஞ்சுகள், சில மட்டும் மழைக்குப் பிறகு கடல் நுரையிலிருந்து தாமாகவே தோன்றுகின்றன என்று எழுதினார். சிரிக்க வேண்டாம். நேற்று வெறுமையாக இருந்த கரையோரத்தில் இன்று கண்ணாடி போன்ற குஞ்சுகள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. தாய்மீன் கண்ணில் படவில்லை. முட்டையோ கண்ணுக்கே தெரியாத அளவு. வேறு என்னதான் நினைக்க முடியும்?

ரோமாபுரிக்காரர்கள் மோகத்தோடு போலியையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்கள். அபிக்கியுஸ் பெயரில் வழங்கும் சமையல் நூலில் பொடிமீன் இல்லாமலேயே பொடிமீன் பதார்த்தம் செய்யும் முறை இருக்கிறது. வேறு மீனின் சதையை நறுக்கி, முட்டை, மிளகு, எண்ணெய் சேர்த்துச் சமைக்க வேண்டும். சாப்பிடுகிறவருக்கு வித்தியாசம் தெரியாது என்கிற உத்தரவாதமும் உண்டு.

பேரரசு போனது, பழக்கம் இத்தாலியக் கரையிலேயே தங்கிவிட்டது, ஊருக்கு ஒரு பெயரோடு. லிகூரியாவில் ஜான்கெத்தி, நேப்பிள்ஸில் சிச்சினியெல்லி, சிசிலியில் ‘பிறந்த குழந்தை’ என்ற பொருளில் நெயோனாத்தா. ஒரு காலத்தில் கிரேக்கர் குடியேறிய புலியா பகுதியிலோ அதற்குக் கடல்நுரை என்றே பெயர். மத்தி குளிர்காலத்தில் முட்டையிடுவதால் ஜனவரி முதல் மார்ச் வரை அதன் குஞ்சுகள் கரையை ஒட்டி வரும். நம்மூர்க் கரைவலை போன்ற, ‘ஷாபிகா’ எனப்படும் வலையால் அவற்றை வளைத்தார்கள். அந்த வலையின் பெயர் அரபியிலிருந்து வந்தது. பிடித்த குஞ்சை வெந்நீரில் ஒரு முக்கு முக்கி எடுத்து, எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் விட்டால் லிகூரியாவில் விருந்து. நேப்பிள்ஸில் அது பீட்சா மேல் ஏறியது. 1843இல் அந்த ஊரைப் பற்றி எழுதிய பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாந்தர் துமா, பொடிமீன் போட்ட பீட்சாவையும் பட்டியலில் சேர்த்திருக்கிறார்.

தெற்கே கலாப்ரியாவில் இதற்குள் அமெரிக்கா நுழைந்தது. கொலம்பஸின் பயணத்துக்குப் பிறகு ஐரோப்பாவுக்கு வந்த மிளகாய், மிளகு வாங்க வசதியில்லாத கலாப்ரியா ஏழைகளின் கொல்லையில் வேரூன்றியது. குஞ்சு மீனை உப்பிட்டு, மிளகாய்த்தூளும் காட்டுப் பெருஞ்சீரகமும் கலந்து ஊறவைத்தார்கள். சார்தெல்லா என்ற இந்தச் சிவப்பு விழுதை ரொட்டியில் தடவிக்கொள்வார்கள். ஏழைகளின் கேவியார் என்று அதற்குப் பட்டம்.

பணக்காரர்களின் பொடிமீனைப் பார்க்க லண்டன் போக வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், டேகன்ஹாம் அருகே தேம்ஸ் கரையில் ஒரு வீடு வைத்திருந்த எம்.பி. ராபர்ட் பிரெஸ்டன் நண்பர்களை விருந்துக்கு அழைத்தார். நண்பரின் நண்பராகப் பிரதமர் பிட் வந்தார். விருந்து ஆண்டுதோறும் தொடர்ந்தது. நகரத்துக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று கிரீனிச்சுக்கு இடம் மாறியது. கடைசியில் நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடியும்போது அமைச்சரவையே படகேறிப் போய்ப் பொடிமீன் சாப்பிடும் சடங்காகிவிட்டது. வைட்பெய்ட் என்ற அந்த மீனை ஐஸ் தண்ணீரில் அலசி, துணியில் மாவோடு புரட்டி, சல்லடையில் சலித்து, கொதிக்கும் பன்றிக் கொழுப்பில் ஓரிரு நிமிடம் பொரிப்பார்கள். தொட்டுக்கொள்ள எலுமிச்சை, மேலே தூவ மிளகாய்த்தூள். கலாப்ரியா மீனவரும் பிரிட்டிஷ் அமைச்சரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள்.

அமைச்சர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது விஞ்ஞானிகள் சண்டை போட்டார்கள். 1828இல் வில்லியம் யாரெல் வைட்பெய்ட் ஒரு தனி இனம் என்று அறிவித்து, குளுபியா ஆல்பா என்று லத்தீனில் பெயர் வைத்தார். 1847இல் பிரான்சின் வாலென்சியன் ஒரு படி மேலே போய் அதற்கெனத் தனிப் பேரினமே உண்டாக்கினார். 1868இல் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆல்பர்ட் குந்தர் முதுகெலும்பு மணிகளையும் செதில்களையும் எண்ணிப் பார்த்து, இது வெறும் ஹெரிங் மீனின் குஞ்சுதான் என்றார். 1903இல் ஜேம்ஸ் மியூரி வைட்பெய்ட் என்று விற்ற பெட்டிகளைக் கிளறியபோது கதை இன்னும் கந்தலானது. ஒரே பெட்டியில் 23 வகை உயிர்கள் வரை இருந்தன. இறால், நண்டுக் குஞ்சுகளும் அதில் அடக்கம்.

பெயர் இதற்குள் கப்பலேறிவிட்டது. நியூசிலாந்தில் குடியேறிய ஆங்கிலேயர்கள், மாவோரிகள் ‘இனங்கா’ என்று அழைத்த மீனின் குஞ்சுகள் வசந்தத்தில் கடலிலிருந்து ஆறேறுவதைப் பார்த்ததும் வைட்பெய்ட் என்று கூவினார்கள். ஹெரிங்குக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இன்றும் அங்கே முட்டையில் கலந்து அடையாகச் சுடுகிறார்கள்.

இத்தாலியில் கதை சட்டத்தில் வந்து முட்டியது. குஞ்சையே பிடித்தால் நாளைக்கு மீன் ஏது? 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் மத்தியதரைக் கடலுக்கான விதிகளை இயற்றியது. நெத்திலி இனத்து மீன் 9 செ.மீ.யும் மத்தி 11 செ.மீ.யும் இருந்தாக வேண்டும். இத்தாலியின் சிறப்புச் சலுகைகளும் 2010 மே மாதத்தோடு முடிந்தன. தப்பித்த பொடிமீன் ரொசெத்தோ. பார்க்கக் குஞ்சு போலவே ஒளி ஊடுருவும். ஆனால் வளர்ந்து முடித்த மீன், அதற்குமேல் வளராது. அதற்கு அனுமதி உண்டு. அதன் விஞ்ஞானப் பெயர் ஆஃபியா, பழைய அஃபூயேதான்.

காலியான இடத்தைச் சீன ஏரிகளின் ஐஸ் மீன் நிரப்பியது. வெள்ளை உடல், கறுப்புப் பொட்டாக இரு கண். உறைந்த நிலையில் இறக்குமதியாகும் அதை இத்தாலியக் குஞ்சு என்று விற்பவர்களைப் பிடிக்க டி.என்.ஏ. சோதனை தேவைப்படுகிறது. ஸ்பெயின்காரர்கள் ஒளிவுமறைவே இல்லாமல் போலி செய்தார்கள். அவர்கள் உயிரை விடும் விலாங்குக் குஞ்சுகள் தங்க விலைக்குப் போனதும், 1991இல் மீன் மாவை நூல்நூலாகப் பிழிந்து, முதுகில் கணவாய் மையால் கறுப்புக் கோடு தீட்டிச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அசலைவிட நகல்தான் அங்கே அன்றாடச் சாப்பாடு.

வைட்பெய்ட் என்ற பெயர் நம் கரைக்கும் வந்தது. இந்தியக் கடல் மீன்வள ஆய்வாளர்களின் ஆங்கில அறிக்கைகளில் அந்தப் பெயரில் பதிவாகும் மீன், நம்முடைய நெத்திலி. இந்தப் பயணத்தில் பெயர் ஒட்டிய மீன்களிலேயே வினோதமானது இதுதான், ஏனென்றால் நெத்திலி குஞ்சே இல்லை. சந்தையில் பெரும்பாலும் கிடைப்பது விரல் நீளத்தில் வளர்ந்து முடித்த மீன், ரொசெத்தோவைப் போல. நம்பாதவர்கள் அடுத்த முறை நெத்திலி ஆயும்போது வயிற்றைக் கவனிக்கலாம். சில மாதங்களில் அதற்குள் சினை இருக்கும். ஐரோப்பா சட்டம் போட்டுப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்த வேறுபாடு அதுதான்: ஒருமுறையாவது முட்டையிட வாய்ப்பு கிடைத்த மீனா, இல்லையா என்பது.