சக்கரத்துக்கு ஓர் இடம்

பிக்கப்பில் ஸ்பேர் சக்கரத்தை எங்கே வைப்பது என்று கேட்டு என் வெல்டிங் பட்டறைக்கு வருகிறவர்களிடம், வண்டி எந்தச் சடக்கில் ஓடுகிறது என்றுதான் முதலில் விசாரிப்பேன். எங்கள் ஜொகூரின் குளுவாங் பட்டணத்துக்குள் மட்டும் ஓடுகிற வண்டி என்றால், கம்பெனி வைத்த இடத்திலேயே இருக்கட்டும் என்று திருப்பி அனுப்பிவிடுவேன். கஹாங்கிலிருந்து கம்போங் பெத்தா வரை, எண்டாவ்-ரொம்பின் காட்டுக்குப் போகிற 56 கிலோமீட்டர் பாதையில் ஓடுகிற வண்டி என்றால், ஓர் இருக்கை கொடுத்து உட்காரச் சொல்லிவிட்டு அளவெடுக்கத் தொடங்குவேன். அந்த ஸ்பேர் சக்கரத்தின் இடம், சடக்கைப் பார்த்தும் சுமையைப் பார்த்தும் காலத்துக்குக் காலம் மாறிவந்த ஒன்று. அந்த மாற்றங்களை ஓரளவு தெரிந்துவைத்திருப்பதால்தான் எங்கே துளை போடலாம், எங்கே போடக்கூடாது என்று துணிந்து சொல்கிறேன்.

காற்றடைத்த டயருக்கு டன்லப் உரிமம் பெற்றது 1888இல். அதற்குப் பிறகும் நெடுநாள் மோட்டார்களுக்கு மாற்றுச் சக்கரம் என்று ஒன்று கிடையாது. ஆணி குத்தினால் ஓட்டுகிறவர் வழியிலேயே டயரை நெம்பிக் கழற்றி, டியூப்பை ஒட்டி, காற்றடித்து மாட்ட வேண்டும். 1904இல் வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில், ஸ்டெப்னி வீதியில் இரும்புக்கடை நடத்திய டேவிஸ் சகோதரர்கள் ஒரு வழி கண்டார்கள். ஆரக்கால் இல்லாத வெறும் வளையம், அதில் காற்றடைத்த டயர். அதைப் பஞ்சரான சக்கரத்தின் மேலேயே கவ்வவைத்து இறுக்கி வீடு போய்ச் சேரலாம். ஏறுபடி ஓரத்தில் கட்டிக்கொண்டு போனார்கள். பின்னால் முழுச் சக்கரத்தையே கழற்றி மாட்டும் ஏற்பாடு வந்த பிறகும், பக்கவாட்டுதான் அதன் இடமாக நெடுங்காலம் இருந்தது. அன்றைய கார் ஆட்களை ஏற்றுகிற வண்டி. பக்கத்தில் ஏதாவது தொங்கினால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

அந்த டயர்களுக்கு வேண்டிய ரப்பர் பின்னாளில் எங்கள் மண்ணிலிருந்தும் போனது. ஜொகூரை ஊடறுத்து ரயில் 1909இல் ஓடத் தொடங்கியது. சிங்கப்பூருக்குப் பாலம் 1924இல் திறந்தது. ரயில் பாதையின் இரண்டு பக்கமும், ரெங்கம், லாயாங்-லாயாங், லாபிஸ், சிகாமட் என்று பால்மரத் தோட்டங்கள் வளர்ந்தன. மரம் சீவியவர்களில் பெரும் பங்கு நம் ஆட்கள். விடியுமுன் வெட்டுக்காட்டுக்கு நடந்தே போனவர்கள் அவர்கள். உலகத்துக்கே சக்கரம் உருளப் பால் எடுத்தவர்களின் கால்களுக்குச் செருப்பு வந்ததுகூடப் பிந்தித்தான். இதைச் சொல்லாமல் டயரைப் பற்றிப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

ஜப்பானியப் படை 1942 ஜனவரியில் கிம்மாஸ், மூவார் வழியாக ஜொகூருக்குள் இறங்கியபோது அதன் வேகத்துக்குப் பாதி காரணம் சைக்கிள். வெயிலில் டயர் வெடித்தால் அவிழ்த்து எறிந்துவிட்டு வெறும் ரிம்மிலேயே மிதித்தார்கள். தார்ச் சடக்கில் அந்த இரும்புச் சத்தம், இரவில் கேட்டவர்களுக்கு டாங்கி வருவதுபோல் இருந்ததாம். போருக்கு முன் ஜப்பான் மலாயாவுக்கு ஏராளமாகச் சைக்கிள் ஏற்றுமதி செய்திருந்தது. ஆகவே மாற்றுச் சக்கரத்தைச் சுமந்துவர வேண்டிய அவசியம் அந்தப் படைக்கு இல்லை. போகிற வழியில் உள்ள வீடுகளிலும் கடைகளிலும் பிடுங்கிக்கொண்டது. ஜனவரி 31ஆம் தேதி கடைசி பிரிட்டிஷ் படை பாலத்தைக் கடந்து, பின்னால் அதை வெடிவைத்து உடைத்தது. மலாயா ரப்பர் கைவிட்டுப் போகும் என்று தெரிந்ததுமே அமெரிக்காவில் டயருக்குப் பங்கீடு வந்தது. பெட்ரோல் அட்டை வேண்டுமென்றால், ஒரு காருக்கு ஐந்து டயருக்குமேல் வைத்திருக்கக்கூடாது. ஓடுகிற நாலு, மாற்றுக்கு ஒன்று. மிச்சத்தை அரசாங்கத்துக்குக் கொடுத்துவிட வேண்டும்.

போரோடு ஜீப்பும் வந்தது. ராணுவ ஜீப்பின் பின்பக்கம் திறக்காத தகடு. அதனால் சக்கரத்தை முதுகில் தாராளமாக மாட்டினார்கள், பக்கத்தில் ஒரு பெட்ரோல் டின். அந்த ஜீப்பைச் செய்த வில்லிஸ் கம்பெனி 1945இல் விவசாயிகளுக்கென்று ஜீப் செய்தபோது சுமை ஏற்ற இறக்கப் பின்கதவு வைத்தது. உடனே சக்கரம் முதுகிலிருந்து வலப்பக்கத்துக்குப் போய்விட்டது. பின்கதவில் சக்கரம் மாட்டித் தரச் சொல்லும் பிள்ளைகளுக்கு நான் காட்டும் பழைய உதாரணம் இது. சுமை ஏற்றும் வாசலை அடைத்தால் வண்டி பாதி வண்டிதான்.

லேண்ட் ரோவர் 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வந்தது. இங்கிலாந்தில் எஃகு தட்டுப்பாடு, ஆகவே உடம்பு அலுமினியக் கலவை. சக்கரத்துக்கு இரண்டு இடம்: பின்தொட்டியில் சீட்டுக்குப் பின்னால், அல்லது போனட் மேல். அதே ஆண்டு ஜூனில் மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலைவரை நீடித்தது. கூலாய், குளுவாங், யோங் பெங் பக்கமெல்லாம் மோசமாக இருந்த காலம். தோட்டத் துரைமார்கள் தங்கள் வண்டிகளுக்கு இரும்புத் தகடு அடித்துக்கொண்டு போனார்கள். ஹை கமிஷனர் ஹென்றி கர்னியையே 1951 அக்டோபரில் ஃபிரேசர் மலைப் பாதையில் மறித்துச் சுட்டுக் கொன்றார்கள் என்றால், செம்மண் சடக்கில் பஞ்சர் ஆகி நிற்பது எப்படிப்பட்டது என்று யோசித்துக்கொள்ளலாம்.

என் அப்பா ரெங்கம் பக்கம் ஒரு தோட்டத்தில் லேண்ட் ரோவர் டிரைவர். போனட் மேல் இருக்கிற சக்கரத்தை அவர் பெரிதாக மதித்தார். "கண்ணுக்கு முன்னால இருந்தா காத்து இருக்கான்னு பாத்துக்கிட்டே ஓட்டலாம்டா. பின்னால இருக்கற சக்கரம் செத்தாலும் தெரியாது" என்பார். தோட்டத்து லேண்ட் ரோவரின் பின்தொட்டியில் ரப்பர் ஷீட் இருக்கும், உரமூட்டை இருக்கும், சம்பள நாளில் காசுப் பெட்டியும் காவலுக்கு ஆளும் இருப்பார்கள். அடியில் சக்கரம் கிடந்தால் அத்தனையும் சடக்கில் இறங்கியாக வேண்டும். போனட்டில் இருந்தால் இரண்டு நட்டைத் திருகி உருட்டிவிடலாம். ஆனால் குட்டையான டிரைவருக்குச் சடக்கு சரியாகத் தெரியாது, எஞ்சினைப் பார்க்கப் போனட்டைத் தூக்கினால் தோள் கழலும். இதையெல்லாம் அப்பாவும் ஒப்புக்கொள்வார். ஜாக்கிக்குக் கீழே வைக்க ஒரு மரக்கட்டையை அவர் சீட்டுக்கடியில் எப்போதும் வைத்திருந்தார். ஜொகூர் மழைக்குப் பிறகு ஜாக்கி மட்டும் இருந்தால் அது வண்டியைத் தூக்காது, மண்ணுக்குள் தான் இறங்கும்.

அறுபதுகளிலிருந்து பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். 1956இல் தொடங்கிய அரசாங்க நிலவாரியமான ஃபெல்டாவும் ஜொகூரில் பெரிய பெரிய நிலத்திட்டங்களை எழுப்பியது. டோயோட்டா ஹைலக்ஸ் 1968இல் பிறந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற ஹைலக்ஸ் 1979இல். இந்தப் பிக்கப்புகளில் சக்கரம் தொட்டிக்கு அடியில், பின் அச்சுக்குப் பின்னால், சங்கிலியில் தொங்கும். பம்பருக்குள் ஒரு கம்பியை விட்டுச் சுற்றினால் இறங்கும். அதைத் திட்டமிட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. தொட்டி முழுக்கச் சுமைக்கே என்று முடிவெடுத்தார்கள், பழக்குலை ஏற்றுகிறவருக்கு அதுதான் நியாயம். பாரமும் தாழ்வாக இருக்கிறது, கண்ணாடியையும் மறைப்பதில்லை.

ஆனால் சேற்றில் அச்சுவரை புதைந்த வண்டிக்கு அடியில் யார் படுப்பது? கம்பி விடுகிற துளையில் களிமண் காய்ந்து கல்லாகியிருக்கும். சங்கிலி துருப்பிடித்துப் பல்லைக் கடித்துக்கொள்ளும். வாய்க்காலிலிருந்து மேடேறும்போது வால்பக்கம் தொங்குகிற சக்கரமே முதலில் மண்ணில் இடிக்கும். 1997இல் மலேசியாவில் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் தொடங்கியது. வேண்டுமென்றே பருவமழையில் காட்டுக்குள் நடத்துகிற போட்டி. அதைப் பார்த்துத் தங்கள் பிக்கப்புகளுக்கு 33 அங்குல மண் டயர் போட்ட பிள்ளைகள் இங்கும் பெருகினார்கள். கம்பெனி விட்ட குழியில் அந்த டயர் நுழையாது.

அப்போதிலிருந்துதான் எனக்கு இந்த வேலை. மூன்று இடம் பார்த்திருக்கிறேன்.

பின்கதவில் மாட்ட மாட்டேன். தகடு அந்தப் பாரத்துக்குச் செய்ததில்லை. ரிம்மோடு சேர்த்து அந்த டயர் ஏறக்குறைய 40 கிலோ வரும். குலுக்கலில் கீல் கிழியும்.

பின் பம்பரில் இரும்புக் கை வைத்துத் திறந்துமூடும்படி செய்வது பார்க்க அழகு, செய்யவும் எனக்குப் பிடிக்கும். டிரெய்லர் ஹப்பின் பேரிங்கைச் சுழற்சிக்கு வைத்தால் நெடுநாள் தாங்கும். ஆனால் அதற்குப் பம்பரைச் சட்டத்தோடு சேர்த்துப் புதிதாகச் செய்ய வேண்டும், நம்பர் தகடும் விளக்கும் மறையக்கூடாது, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் விதியையும் பார்க்க வேண்டும். எல்லாம் செய்த பிறகும் பாரம் பின் அச்சுக்கு வெளியே தொங்குகிறது. அந்த அளவுக்கு முன்சக்கரத்தின் பிடி குறையும். செங்குத்தான களிமண் ஏற்றத்தில் அதை ஸ்டீயரிங்கிலேயே உணரலாம்.

ஆகவே நான் சொல்வது தொட்டிக்குள்தான், ஆனால் படுக்கவைத்து இல்லை. கேபினுக்குப் பின்னால் இடது மூலையில் நிமிர்த்தி நிறுத்த வேண்டும். பாரம் அச்சுக்கு முன்னால் போய்விடும். தொட்டியில் ஒரு சாண் அகலத்துக்குச் சற்று அதிகமாக இழப்போம், மிச்ச இடம் சுமைக்கு. தொட்டித் தகட்டில் மட்டும் போல்ட் போடக்கூடாது, அடியில் ஓடும் குறுக்குச் சட்டத்தில் பிடிக்க வேண்டும். டயரின் அடிப்பாகம் உட்கார இரண்டு கோண இரும்பு. ரிம்மின் நடுவே திருகுத் தண்டு, அதன்மேல் தடித்த தட்டு, பெரிய காதுநட்டு, ஒரு பூட்டு. பூட்டு அவசியம். நல்ல டயருக்கு எந்த ஊரிலும் ஆசைப்படுகிறவன் இருப்பான். பின்கண்ணாடியில் கால்வாசி மறையும் என்பது உண்மை. பக்கக் கண்ணாடி பெரிதாகப் போட்டுக்கொள்ளச் சொல்வேன்.

காற்றடிக்கும் வாயை எப்போதும் டிரைவர் பக்கம் பார்த்து வைத்துத்தான் இறுக்குவேன். சக்கரத்தைக் கழற்றாமல் கையை நீட்டி அழுத்தம் பார்க்கலாம். அப்பா இருந்திருந்தால் கேட்டிருக்கக்கூடிய முதல் கேள்வி அதுவாகத்தான் இருந்திருக்கும். மாதத்துக்கு ஒருமுறை காதுநட்டைக் கழற்றித் தண்டுக்கு கிரீஸ் பூசச் சொல்லி அனுப்புகிறேன். செய்யாமல் விட்டவர்கள் காட்டிலிருந்து திரும்பி வந்ததும் தண்டை அறுத்து எடுக்க என்னிடமே கொண்டுவருகிறார்கள்.