மூழ்கிய ஊரும் நீர்வண்ணச் சான்றும்

1939இல் போர் மூண்டபோது, இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் இயக்குநராக இருந்த கென்னத் கிளார்க் ஒரு திட்டத்தை முன்வைத்தார். குண்டுவீச்சாலும் நகரப் பெருக்கத்தாலும் புதிய சாலைகளாலும் அழியக்கூடிய நிலக்காட்சிகளையும் கட்டடங்களையும் ஓவியர்களைக் கொண்டு பதிவுசெய்வதே அதன் நோக்கம். போர்க்காலத்தில் ஓவியர்களுக்குப் பிழைப்பளிக்கும் ஏற்பாடாகவும் அது அமைந்தது. பில்கிரிம் அறக்கட்டளை பொருளுதவி செய்தது. 'பிரிட்டனைப் பதிவுசெய்தல்' என்னும் அத்திட்டத்தின்கீழ் 1,500க்கும் மேற்பட்ட படங்கள் உருவாயின. பெரும்பாலானவை நீர்வண்ண ஓவியங்கள். இன்று அவை விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன.

ஒளிப்படம் பரவலாகிவிட்ட காலத்தில் தூரிகைக்கு என்ன தேவை என்ற கேள்வி இயல்பானது. டார்பிஷயரின் டெர்வென்ட் பள்ளத்தாக்கு அதற்கு ஒரு விடை தருகிறது. லேடிபவர் நீர்த்தேக்கத்திற்காக ஆஷாப்டன், டெர்வென்ட் ஆகிய இரு சிற்றூர்கள் கைவிடப்பட்டன. நீர் ஏறுவதற்கு முன், 1940இல், கென்னத் ரவுண்ட்ரீ அங்குச் சென்று பண்ணைவீட்டையும் ஆஷாப்டன் விடுதியின் உட்புறத்தையும் தீட்டினார். 1945இல் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. நீர்மட்டத்திற்கு மேலே நின்ற டெர்வென்ட் தேவாலயத்தின் கோபுரமும் 1947இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. நேரில் அமர்ந்து தீட்டப்பட்ட அப்படங்களின் நிறமும் ஒளியும் ஓவியர் தம் கண்ணால் கண்டவை. அக்காலத்தின் கறுப்பு வெள்ளை ஒளிப்படத்தால் அவற்றைத் தர இயலாது.

எனினும் நேரில் தீட்டியது என்பதாலேயே ஓவியம் முழுச் சான்றாகிவிடுவதில்லை. 1886இல் சர்ரே நாட்டுப்புறக் குடிசைகளின் நீர்வண்ண ஓவியங்களைக் காட்சிக்கு வைத்த ஹெலன் ஆலிங்ஹாம், அவ்வீடுகள் இடிக்கப்படுவதையும் உருமாற்றப்படுவதையும் கண்டு வருந்தியவர். ஆனால் புதிதாகப் பொருத்தப்பட்ட சன்னல்களை விலக்கி, பழைய ஈயச்சட்டச் சன்னல்களைத் தம் ஓவியத்தில் மீட்டமைக்கவும் செய்தார். ஆகவே அப்படங்கள் 1880களின் சர்ரேயைக் காட்டுவதோடு, அத்தலைமுறை இழந்ததாகக் கருதிய சர்ரேயையும் காட்டுகின்றன. இரண்டையும் பிரித்தறிவது வரலாற்று மாணவரின் பணி.

நிலம் முற்றிலும் மறைந்தபின் ஒளிப்படத்தைப் பார்த்துத் தீட்டும்போது இப்பணி மேலும் கடினமாகிறது. அகலக் கோண வில்லை மலையைத் தொலைவுக்குத் தள்ளிவிடும். முன்னிருக்கும் வரப்பை நீட்டிவிடும். நிழல் கருமையாகி, அதனுள் இருந்த திண்ணையையும் கிணற்றையும் விழுங்கிவிடும். கறுப்பு வெள்ளைப் படமெனில், வயலின் பச்சையை ஓவியர் நினைவிலிருந்தோ ஊகத்திலிருந்தோதான் எடுக்க வேண்டும். மின்கம்பத்தைத் தவிர்ப்பதும் தகரக் கூரைக்குப் பதில் ஓலை வேய்வதும் தூரிகைக்கு எளிது. ஒளிப்படக்காரர் எந்தத் தெருவுக்குள் நுழையவில்லையோ, அத்தெரு ஓவியத்திலும் இராது. ஊரின் விளிம்பில் வாழ்ந்தோர் இவ்வாறு இருமுறை மறைக்கப்படுகின்றனர்.

இந்தியாவிற்கு இது அயலான செய்தியன்று. 1957இல் திறக்கப்பட்ட ஹிராகுட் அணையால் மகாநதிக் கரையின் ஊர்களும் விளைநிலங்களும் நீரில் மூழ்கின. இத்தகைய ஊர்களை இன்று தீட்ட முனைபவர் நேரில் சென்று அமர இடமில்லை. எஞ்சிய ஒளிப்படங்களும் இடம்பெயர்ந்தோரின் நினைவுமே துணை. அந்த முயற்சி குறைவுடையதன்று. மங்கிய படத்தை ஊர் முதியவரிடம் காட்டி, வயலில் என்ன பயிர் நின்றது, சுவர் செம்மண்ணா சுண்ணாம்பா என்று கேட்டுத் தீட்டும் ஓவியம், அந்த ஒளிப்படத்தில் இல்லாத ஒரு சாட்சியத்தைத் தன்னுள் சேர்த்துக்கொள்கிறது.

அச்சாட்சியம் நிலைக்க, ஓவியத்தின் பின்புறம் சில வரிகள் வேண்டும்: மூல ஒளிப்படம் எது, எப்போது எடுக்கப்பட்டது, எவை நினைவிலிருந்து சேர்க்கப்பட்டன, எவை விடப்பட்டன. அவ்வரிகள் இல்லாவிடில், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஆவணக்காப்பகத்தில் அதைக் காணும் ஆய்வாளர் ஊகத்தின் பச்சையை உண்மையின் பச்சையாகக் கொள்வார். ஒருமுறை மூழ்கிய ஊர், அழகான பொய்யின் அடியில் மறுமுறையும் மூழ்கும்.