எங்கிருந்தும் வராத இனிப்பு

ஏப்ரல் 14-க்கு முந்தைய இரவு. படிப்பகத்துக்கு ஓர் அலமாரி வாங்கப் பணம் தேவைப்பட்டது. விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் தோழியர் நான்கு பேர் இனிப்பு செய்து விற்கலாம் என்றார்கள். ஓவன் கிடையாது, இருந்தது ஒரே ஒரு மின்சார அடுப்பு. அதனால் கண்டென்ஸ்டு மில்க், கோகோ, வெண்ணெய் போட்டுக் கிளறி ஃபட்ஜ் செய்தோம். மீதிக் கோகோவில் பிஸ்கட்டைப் பொடித்துப் பிசைந்து உருண்டை பிடித்தோம். இரவு ஒரு மணிக்குள் 60 பெட்டிகள் தயாராகிவிட்டன. சண்டை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

பெட்டியின் மேல் என்ன எழுதுவது? படிப்பகத்தின் பெயரையும் அது இருக்கும் தெருவின் பெயரையும் போடுவோம் என்றார் ஒரு தோழி. அந்தத் தெருவின் பெயரைக் கேட்டாலே யாருடைய தெரு என்று ஊருக்குத் தெரிந்துவிடும். "போட்டா பாதிப் பெட்டி திரும்பி வரும். அலமாரி வேணுமா, வேணாமா?" என்றார் இன்னொருவர். அவர் சும்மா சொல்லவில்லை, ஒரு வரலாற்றைச் சான்றாகக் காட்டினார். அமெரிக்காவில் மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பின்போது கறுப்பினப் பெண்கள் பெயரை மறைத்துத்தானே கேக் விற்றுப் போராட்டத்தை நடத்தினார்கள்? அவர்கள் மறைத்தது சரி, நாம் மறைத்தால் தப்பா?

நியாயமான கேள்விதான். அன்றிரவு எங்களிடம் ஒழுங்கான பதில் இல்லை. பிறகு தேடிப் படித்தோம். படித்ததை இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் கிளறிய ஃபட்ஜிலிருந்தே தொடங்கலாம். பெரும்பாலான இனிப்புகளுக்குப் பிறந்த ஊரும் கிடையாது, தேதியும் கிடையாது. ஃபட்ஜுக்கு ஒரு கடிதம் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் அன்று பெண்கள் கல்லூரியாக இருந்த வாசரில் படித்த எமெலின் ஹார்ட்ரிட்ஜ் என்பவர் எழுதியது. தன் தோழி ஒருத்தியின் உறவினர் 1886-இல் பால்டிமோர் நகரில் ஃபட்ஜ் செய்து ஒரு பவுண்டு 40 சென்டுக்கு விற்றதாகவும், அந்தச் செய்முறையைத் தான் வாங்கி 1888-இல் கல்லூரி ஏலத்துக்காக 30 பவுண்டு செய்ததாகவும் அதில் சொல்கிறார். இரண்டு கப் சர்க்கரை, ஒரு கப் க்ரீம், கொஞ்சம் சாக்லேட், ஒரு கரண்டி வெண்ணெய். மாணவிகள் இரவில் விளக்கணைக்கும் மணி அடித்த பிறகு, அறையின் கேஸ் விளக்குச் சூட்டிலேயே திருட்டுத்தனமாகக் காய்ச்சியிருக்கிறார்கள். விடுதிப் பெண்கள் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

அந்தக் காலத்து ஃபட்ஜில் டப்பாப் பால் கிடையாது. பாகுப் பதம்தான் எல்லாம். ஏறத்தாழ 115 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்ச வேண்டும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் மெத்தென்று உருட்ட வர வேண்டும். இறக்கியபின் கை படாமல் ஆற விட்டு, வெதுவெதுப்பாகிய பிறகே கிளற வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டிலேயே கிளறினால் சர்க்கரை பெரிய பெரிய பரல்களாகி மணல்போல நறநறக்கும். அதிரசத்துக்குப் பாகு வைக்கும் நம் அம்மாக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வேறொரு விஷயத்தைத்தான் விளக்க வேண்டும். கல்லூரிப் பெண்கள் விளையாட்டாகப் பவுண்டு பவுண்டாகக் காய்ச்சும் அளவுக்குச் சர்க்கரை எப்படி மலிவானது? அது யாருடைய உழைப்பு?

அன்றைய நியூயார்க்கின் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு வந்த கச்சாச் சர்க்கரையில் பெரும்பங்கு கியூபாவிலிருந்து வந்தது. கியூபாவில் அடிமை முறை சட்டப்படி முற்றாக ஒழிந்த ஆண்டு எது தெரியுமா? 1886. பால்டிமோரில் ஃபட்ஜ் விற்ற அதே ஆண்டு. அமெரிக்காவுக்குள்ளேயே கரும்பு விளைந்த மாநிலம் லூசியானா. அங்கே அடிமை முறை 1865-இலேயே முடிந்துவிட்டது, ஆனால் கூலியைக் காசாகத் தரவில்லை. பண்ணையார் கடையில் மட்டும் செல்லும் சீட்டாகத் தந்தார்கள். 1887 நவம்பர் 1 அன்று, அரவைப் பருவத்தில், சுமார் 10,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். நாளுக்கு ஒன்றேகால் டாலர் கூலி வேண்டும், அதைக் காசாகத் தர வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. பண்ணைக் குடிசைகளிலிருந்து துரத்தப்பட்டவர்கள் திபடோ என்ற ஊரில் வந்து அடைக்கலம் புகுந்தார்கள். நவம்பர் 23 அன்று வெள்ளையர் ஆயுதக் கும்பல்கள் அந்தக் கறுப்பினக் குடியிருப்புகளுக்குள் புகுந்து சுட்டன. 30 முதல் 60 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்கிறார்கள், அதற்கும் மேல் என்போரும் உண்டு. துல்லியமான கணக்கு எடுக்கப்படவே இல்லை. கூலி கேட்டவர்களைக் குடிசைகளில் வைத்துக் கொன்ற கதையைக் கீழ்வெண்மணியை அறிந்த நாம் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

1886-இல் ஃபட்ஜ் விற்றது. 1887-இல் கரும்பு வெட்டியவர்கள் சுடப்பட்டார்கள். 1888-இல் கல்லூரியில் 30 பவுண்டு ஃபட்ஜ். முதலுக்கும் கடைசிக்கும் கடிதம் இருக்கிறது. நடுவில் செத்தவர்களின் பெயர்ப் பட்டியல்கூட முழுதாக இல்லை. அந்தக் கல்லூரிப் பெண்களைக் கொலைகாரர்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்களுக்கு அது தெரியாமலே இருந்திருக்கலாம், தெரியாமல் இருக்கும் வசதி அவர்களுக்கு இருந்தது.

(கரும்பின் கதையில் நாமும் வெளியாட்கள் இல்லை. 1860-இல் சென்னையிலிருந்து கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்குப் போனது, நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்காக. அத்தகைய கப்பல்களின் பதிவேடுகளில் சாதிக்கென்று ஒரு கட்டம் உண்டு. நம் சாதிகள் அந்தக் கட்டங்களில் இருக்கின்றன. அதைத் தனியாக எழுத வேண்டும்.)

வாசர் கல்லூரிக்கு இன்னொரு கதையும் உண்டு. 1897-இல் அங்கே பட்டம் பெற்றவர் அனிதா ஹெமிங்ஸ். பாஸ்டன் நகரத்துக் கறுப்பினக் குடும்பத்துப் பெண், நிறம் வெளுப்பு. வெள்ளைப் பெண்ணாகவே காட்டிக்கொண்டு படித்தார். பட்டமளிப்புக்குக் கொஞ்சம் முன்பு, அறைத்தோழியின் தந்தை துப்பறிவாளரை அமர்த்தி உண்மையைக் கண்டுபிடித்துவிட்டார். கல்லூரி பட்டம் கொடுத்துவிட்டது. ஆனால் கறுப்பினத்தவர் என்று தெரிந்தே ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ள அது 1940 வரை எடுத்துக்கொண்டது. நகரத்துக் கல்லூரியில் சாதியை மறைத்துத் தங்கிப் படித்த அக்காக்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அறைத்தோழி ஊர்ப்பெயரைக் கேட்கும்போது தொண்டையில் ஏறும் அந்த அடைப்பு அனிதாவுக்கும் இருந்திருக்கும்.

ஃபட்ஜுக்கு நெருங்கிய சொந்தம் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் பிரலீன். சர்க்கரை, பால், பீக்கான் கொட்டை சேர்த்துக் காய்ச்சி, பலகையில் கரண்டி கரண்டியாக ஊற்றி ஆறவிடுவது. இதற்கும் ஓவன் வேண்டாம். பிரெஞ்சுக்காரர்கள் பாதாமில் செய்ததை பீக்கானுக்கு மாற்றி, கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்று அந்த நகரத்தின் அடையாளமாக்கியவர்கள் கறுப்பினப் பெண்கள். அந்தக் கொட்டையின் கதையும் இப்படித்தான். பீக்கானை விதை போட்டு வளர்த்தால் தாய்மரத்தின் குணம் வராது, ஒட்டுக் கட்ட வேண்டும். படித்த மருத்துவர் ஒருவர் முயன்று தோற்ற அந்த வேலையை, லூசியானாவின் ஓக் ஆலி பண்ணையில் 1840-களில் செய்து முடித்தவர் அடிமைத் தோட்டக்காரர் ஆந்த்வான். முதலில் ஒட்டுக் கட்டியது 16 மரங்கள். 1876-இல் பிலடெல்பியா கண்காட்சியில் அந்த வகைக்குப் பாராட்டு கிடைத்து, சென்டெனியல் என்று பெயரும் வைத்தார்கள். மரத்துக்குக் கிடைத்த பெயர்கூட அதை உருவாக்கியவருக்கு முழுதாக இல்லை. ஆந்த்வான், அவ்வளவுதான். அவர் பண்ணையாரின் சொத்துப் பட்டியலில் இருக்கிறார்.

இனி மாண்ட்கோமரிக்கு வருவோம்.

ஜார்ஜியா கில்மோர் அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரத்துச் சமையல்காரர், மருத்துவச்சியும்கூட. பல பிள்ளைகளின் தாய். 1955 அக்டோபரில் ஒருநாள் பேருந்தில் ஏறிக் காசு போட்டார். முன்வாசலில் ஏறியதற்காக ஓட்டுநர் அவரை இறக்கி, பின்வாசல் வழியாக ஏறச் சொன்னார். இறங்கி நடந்து பின்வாசலுக்குப் போவதற்குள் பேருந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இனி பேருந்தே வேண்டாம் என்று அன்றே முடிவெடுத்தார் ஜார்ஜியா. ரோசா பார்க்ஸ் கைதானதும் ஊரே பேருந்தைப் புறக்கணித்ததும் டிசம்பரில்தான். டிசம்பர் 5 இரவு கூடிய முதல் பெருங்கூட்டத்திலேயே கோழி சாண்ட்விச் விற்றுப் பணம் சேர்க்கத் தொடங்கிவிட்டார்.

381 நாள் புறக்கணிப்பு என்று ஒரு வரியில் படித்துவிடுகிறோம். வேலைக்குப் போகிற ஆயிரக்கணக்கானோரை நாள்தோறும் ஏற்றி இறக்கச் சுமார் 300 வாகனங்கள் ஓடின. பெட்ரோல், டயர், பழுது, காப்பீடு எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். பெண்கள் வீட்டு அடுப்பில் பவுண்டு கேக்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பையும் சுட்டார்கள். அழகு நிலையங்களிலும் துணி வெளுக்கும் கடைகளிலும் வீட்டு வாசல்களிலும் விற்றார்கள். வெள்ளையர்களும் வாங்கினார்கள். பலர் எதற்காக விற்கிறார்கள் என்று தெரியாமலே வாங்கினார்கள். தங்களைப் பேருந்தில் தோற்கடிக்கப் போகிற பெட்ரோலுக்கு அவர்களும் காசு கொடுத்தார்கள்.

சுட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர் வீடுகளில் சமையல் வேலை செய்தவர்கள். பெயர் வெளியே வந்தால் வேலை போகும், வாடகை வீடு போகும். அதனால் குழுவுக்கு ஜார்ஜியா வைத்த பெயர் 'எங்கிருந்தும் வராதோர் மன்றம்'. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கிருந்தும் வரவில்லை. யார் சுட்டார்கள், யார் வாங்கினார்கள் என்ற கணக்கு ஜார்ஜியாவின் தலையில் மட்டும் இருந்தது. வாரத்துக்கு 125, 200 டாலர் என்று கொண்டுவந்து கூட்டத்தில் அவர் அறிவிப்பார், எல்லோரும் எழுந்து நின்று கை தட்டுவார்கள். இதைப் பார்த்து ஊரின் மறுபக்கத்துப் பெண்கள் போட்டிக்கு இன்னொரு மன்றம் தொடங்கினார்கள் என்பது எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி.

எங்கள் தோழி விட்டுவிட்ட இடமும் இதுதான். மன்றத்துப் பெண்களின் பெயர் மறைந்திருந்தது, ஜார்ஜியாவின் பெயர் மறையவில்லை. 1956 மார்ச்சில் மார்ட்டின் லூதர் கிங் மீதான வழக்கில் அவர் கூண்டேறி, அந்த ஓட்டுநர் செய்ததை வெள்ளையர் நிறைந்த நீதிமன்றத்தில் சொன்னார். வேலை பார்த்த உணவகம் அவரை வெளியேற்றியது. கிங் கைகொடுக்க, தன் வீட்டையே உணவகமாக்கினார். மற்றவர்கள் ஒளிந்திருப்பதற்காக ஒருவர் வெளிச்சத்தில் நின்றார்.

இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. மாண்ட்கோமரி வெள்ளையர்களுக்குக் கறுப்புக் கை பிசைந்த மாவு ஒட்டாமல் போகவில்லை. மூன்று வேளையும் அந்தக் கைச் சோறுதான் தின்றார்கள், பக்கத்தில் உட்கார்வதுதான் ஆகாது. இங்கே கையே ஆகாது. சத்துணவுக் கூடத்தில் நம் பெண் சமைத்தால் பிள்ளைகளைச் சாப்பிட விடாத ஊர்கள் இன்றும் செய்தியாகின்றன. அங்கே பெயரை மறைத்தது வேலையைக் காப்பாற்ற. இங்கே பெயரை மறைத்து விற்றால், நம் கை தீட்டு என்பதை நாமே பெட்டியில் போட்டுக் கட்டிக் கொடுத்தது போல ஆகும். ஆனால் இது எல்லோருக்கும் எங்கள் தீர்ப்பு இல்லை. வீட்டில் முறுக்கு சுட்டுப் பிழைக்கும் ஒரு அம்மா ஊர்ப்பெயரைச் சொல்லாமல் விற்றால், அவரைக் கேள்வி கேட்க எங்களுக்கு வாய் இல்லை. எங்களுக்கு அலமாரி போனால் போகும். அவருக்கு அடுப்பு அணையும்.

அன்றிரவு பதில் கிடைக்காமலே, விடியும் முன் தெருப்பெயரை எழுதி ஒட்டினோம். 60 பெட்டியில் 11 திரும்பி வந்தன. ஒருவர் வாங்கி, படித்துப் பார்த்து, சர்க்கரை நோய் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். திரும்பியதை நாங்களே தின்றோம். மறுக்கச் சொன்ன தோழிதான் அதிகம் தின்றார். அலமாரி இரண்டு மாதம் கழித்து வந்தது.

ஜார்ஜியா கில்மோர் 1990 மார்ச்சில் இறந்தார். செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிக்கு நடந்த பேரணியின் 25-ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறவர்களுக்காகக் கோழியும் மக்ரோனியும் சமைக்கத் தொடங்கியிருந்தார். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு வீட்டார் அந்தச் சாப்பாட்டையே பரிமாறினார்கள்.